கிரைண்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்

அன்புள்ள மச்சான் ஜெயபிரகாஷ் அவர்களுக்கு, மோகனூர்ப் பக்கத்துக் காலனியிலிருந்து கந்தன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை பொன்னாயியும் மகள் தீபிகாவும் சுகம். சேலம் அஸ்தம்பட்டியில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். நீங்கள் அனுப்பிய மாவு கிரைண்டரால்தான் ஒரு சுகமும் இல்லை.

வேன்காரர் ஊர்க் கோயில் வரை வந்து, "இதுக்கு மேல ரோடே இல்லீங்க, மேப்புல வெறும் பச்சையாத்தான் காட்டுது" என்று இறக்கிவிட்டார். அந்தப் பச்சைக்குள் நூறு குடும்பம் இருக்கிறோம் என்று சொல்வதற்குள் வண்டி திரும்பிவிட்டது. மேப்பைச் சொல்லிக் குற்றமில்லை மச்சான். நம் பாட்டன்களை ஓடைக்கு அந்தப்பக்கம் பள்ளத்தில் ஒதுக்கியபோதே தார் ரோடு எங்கே நிற்கவேண்டும் என்று முடிவாகிவிட்டது. பிறகு வந்த பஸ், ரேஷன் கடை எல்லாம் அங்கேயே மரியாதையாக நின்றுகொண்டன. ஊர்ச் சாக்கடைக்கு மட்டும்தான் எங்கள்மேல் பிரியம், மழைக்கு மழை வீடு தேடி வருகிறது. நாலு பேர் கிரைண்டரைத் தூக்கி ஓடையைக் கடந்ததில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மாவு பஞ்சு மாதிரி வந்தது. ஆனால் கூலிக்குப் போகும் காலனியில் பாக்கெட் மாவு யார் வாங்குவார்? ஊருக்குள் கொண்டுபோனால், "எங்கூட்ல இன்னைக்கு உப்புமாங்க" என்கிறார்கள். ஒரு வாரமாக ஊரே உப்புமா தின்கிறது! சரி, பஸ் ஸ்டாப்பில் கடை பிடிக்கலாம் என்று செங்கோட்டையன் ஐயாவிடம் போனோம். "கடை காலிதானுங்க. நீங்க எந்தப் பக்கம்?" என்றார். ஓடைக்கு அந்தப்பக்கம் என்றதும், "அடடா, எம்பையன் ஃபாரின்ல இருந்து வாரானுங்களே!" என்றார். பக்கத்துக் கடைக்காரருக்கும் பையன் வருகிறானாம். அதற்கடுத்தவருக்கும் அப்படியே. எல்லோரும் ஒரே பிளேனில் வருகிறார்கள் போல.

இந்த மாவை நம்பித்தான் பொன்னாயி கரும்பு வெட்டும் வேலையை விட்டாள். இனி மறுபடியும் கரும்புக் காட்டுக்குத்தான் போகவேண்டும். கடை கிடைக்காத அன்று அவள் அழுதேவிட்டாள் மச்சான். ஆகவே வந்து கிரைண்டரை எடுத்துக்கொள்ளவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
கந்தன்

பின்குறிப்பு: வரவேண்டாம்! கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் தீபிகா பாக்கெட்டில் உங்கள் அஸ்தம்பட்டி விலாசத்தை அச்சடித்து, மோகனூர் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டாள். மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. செங்கோட்டையன் ஐயாவே ரெண்டு பாக்கெட் கையில் வைத்துக்கொண்டு, "சேலத்து மாவுன்னா தனி ருசிதானுங்க, அந்தத் தண்ணி வாகு அப்படி" என்று என்னிடமே சொன்னார். யாராவது விசாரித்து வந்தால், கம்பெனி உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். பொன்னாயிதான், "எம்பேரும் நம்மூர் பேரும் போட்டா ஒரு பாக்கெட்டு கூடவா போவாது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பதில் தெரிந்தால் எழுதவும்.