கிரிவலத்தில் ஒரு வழுக்கைக்காரர்

புதிதாக ஒரு பொருள் கைக்கு வந்துவிட்டால் எனக்குக் கால் தரையில் பாவாது. அதைப் பற்றித் தெரிந்ததை எல்லாரிடமும் சொல்வேன். தெரியாததை இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

அந்தக் கேமராவை வாங்கியபோதும் அப்படித்தான். கீழ்பென்னாத்தூரில் மாமனார் வீட்டு வாசலில் நின்று, "படம் எடுத்த இடத்தை இதுவே குறிச்சு வச்சுக்கும் மாமா. வயரே வேணாம், படம் காத்துலயே என் போனுக்கு வந்துடும்" என்று அரை மணி நேரம் விளக்கினேன். மல்லாட்டை (வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேர்) காயவைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரிங்க சார்" என்றார்.

ஆமாம், சார்தான். எங்களுடையது காதல் கல்யாணம். மூன்று வருடமாகியும் அவர் வாயிலிருந்து 'மாப்ளே' என்று ஒரு வார்த்தை வரவில்லை. லோன் கேட்கப்போன இடத்தில் பேங்க் மேனேஜரைக் கூப்பிடுகிற மாதிரி 'சார்' என்பார். எனக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வார்த்தையை மாற்றியே தீருவது என்றுதான் பௌர்ணமி கிரிவலத்துக்கு அவரைக் கூப்பிட்டேன்.

கிளம்பும்போது என் மனைவி சுதா, "அப்பா சுகருக்கு மாத்திரை போடறாரு. நேரத்துக்கு எதுவும் சாப்பிடலன்னா மயக்கம் வந்துடும். கண்ண எடுக்காம பாத்துக்கோங்க" என்றாள். பிஸ்கட், தண்ணீர், அவருடைய செல்போன் எல்லாம் என் பையில். ("கையில ரெண்டு மிஷின் எதுக்கு சார்?" என்று போனை அவரேதான் கொடுத்துவிட்டார்.) கேமராவை மட்டும் அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, "படம் எடுத்துக்கிட்டே என் பின்னாடியே வாங்க மாமா" என்றேன்.

மத்தியானம் கிளம்பினோம். அடி அண்ணாமலை கோயில் வாசலில் நின்று, என் போனில் படங்கள் தானாக வந்து விழும் அழகை ரசித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மாமனாரைக் காணோம்.

நரைத்த தலை, நீலக் கட்டம் போட்ட சட்டை. எங்கேயும் இல்லை. வயலில் நடந்து பழகிய கால், வேகமாக முன்னால் போயிருப்பார் என்று ஓடினேன். "மாமா" என்று கத்தினேன். கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பினார்கள் (யாருக்குத்தான் மருமகன் இல்லை?). வழியில் படுத்திருந்தவர்களின் முகத்தையெல்லாம் குனிந்து பார்த்தேன். ஒருவர் திட்டினார்.

அப்போது போன் சிணுங்கியது. படம். அடுத்து இன்னொன்று. மாமனார் எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறார்! ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே ஆள். வெள்ளைச் சட்டை, பின்னந்தலையில் தோசை அளவுக்கு வழுக்கை. அவரை விடாமல் துரத்தித் துரத்தி எடுத்திருந்தார். யார் இந்தக் கிறுக்கன், எதற்கு இப்படி ஓடுகிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

படம் எடுத்த இடத்தை மேப்பில் பார்த்தேன். புள்ளி நான் நிற்கிற இடத்திலேயே இருந்தது. கொஞ்ச தூரம் ஓடி, அடுத்த படத்தைப் பார்த்தேன். புள்ளியும் என்கூடவே ஓடிவந்திருந்தது. சரிதான், கூட்டத்தில் சாட்டிலைட்டுக்கே தலை சுற்றிவிட்டது என்று முடிவு செய்தேன். (நான் அப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவன். பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் கேமரா படம் அனுப்பும் என்று அதன் கூடவே வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. நான் முதல் பக்கமெல்லாம் படிக்கிற ஆள் இல்லை.)

சாலையோரம் எலுமிச்சை ஜூஸ் விற்ற அக்காவிடம் போனை நீட்டினேன். "அக்கா, இந்த வழுக்கைக்காரர் இந்தப் பக்கம் போனாரா? இவரப் புடிச்சா எங்க மாமனார் கெடச்சிடுவாரு." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் திரும்புங்க தம்பி."

திரும்பினேன்.

"நீங்கதாங்க அது" என்றார் அக்கா.

எதிரே, தலையில் துண்டு கட்டி, சட்டையில்லாமல், கண்ணில் கேமராவோடு என் மாமனார். என் போன் சிணுங்கியது. இந்த முறை முன்பக்கப் படம்: திறந்த வாய், கன்னமெல்லாம் கண்ணீர்.

"எங்க மாமா போனீங்க?"

"எங்கயும் போவலயே. சட்டைய கழட்டிட்டு உள்ள போயி சாமி கும்புட்டேன். வெளிய வந்தா நீங்க ஓடறீங்க. பின்னாடியே வாங்கன்னீங்களே, வந்தேன். ஓடியே சுத்தறதா வேண்டுதல் போலன்னு நெனச்சேன்."

"கத்துனேனே மாமா."

"எல்லாரும்தான் அரோகரான்னு கத்தறாங்க."

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினேன். அவர் ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தார். கண் அவருக்கும் கலங்கியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்கதான் மயக்கம் போட்டுடுவீங்க போல. சாப்புடுங்க மாப்ளே."

இன்றும் எங்கள் வீட்டில் சாவி தொலைந்தாலும் சரி, மூக்குக்கண்ணாடி தொலைந்தாலும் சரி, "அந்த வழுக்கைக்காரரக் கேளுங்க" என்பாள் சுதா. கீழ்பென்னாத்தூர் வீட்டில் எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் என் பின்னந்தலை பெரிதாக மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மாமனார் முழுக் கதையையும் சொல்லித்தான் காபி கொடுப்பார். நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. அந்தக் கேமராவுக்கும் அந்த வழுக்கைக்கும் நான் அவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன்.

போன வருடம் என் வேலை போயிற்று. விஷயம் தெரிந்ததும் மாமனார் போன் செய்தார்.

"கவலப்படாதீங்க மாப்ளே. நான் பின்னாடிதான் இருக்கேன். இந்த வாட்டி கொஞ்சம் மெதுவா ஓடுங்க."