பனிமூட்டத்துக்கு மீசை

"ஏனுங்க மேரியம்மா, இந்தப் 'பனிமூட்டம்' ஆருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கோணும். கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானே!" என்றார் மேனேஜர்.

ஜெயமேரி தலையை ஆட்டிவைத்தாள். கரடியூர்ப் பக்கத்துக் காபி எஸ்டேட்டில் அவள் டைப்பிஸ்ட். தொழிலாளர் வீடுகளின் கூரை ஒழுகுவதையும், கேட்டவர்களுக்கு வேலை போனதையும் பெயர் போடாமல் வலைப்பூவில் எழுதிவந்த 'பனிமூட்டம்' அவளேதான். மதியத்தில், ஆளில்லாத ஆபீஸில் எழுதுவாள்.

சந்தேகம் திரும்பட்டும் என்று அடுத்த பதிவில், 'காற்றில் என் மீசை பறந்தது' என்று சேர்த்தாள்.

"பெரிய மீசைன்னா ஜீப் டிரைவர் மாதேஷ்தான்!" என்று மேனேஜர் துள்ளினார்.

பதறிப்போய், 'நான் இருப்பது சேலத்தில்' என்று எழுதினாள்.

"பாருங்க, அவனுக்குச் சேலத்துலதான் மாமியார் ஊடு! வேலைநீக்க ஆர்டரை அடிங்க."

மறுநாள் காலை ஆட்கள் கூடியிருந்த, காபி உலர்த்தும் களத்தில் மாதேஷ் தலைகுனிந்து நின்றான். இனி ஒளிவதில் அர்த்தமில்லை என்று ஜெயமேரி வாயைத் திறப்பதற்குள், பழம் பறிக்கும் சின்னத்தாயி முன்னால் வந்தாள்.

"அவன் இல்லீங்க. நான்தானுங்க பனிமூட்டம்."

"கைநாட்டு வைக்கற நீயா? எழுதினதுல ஒரு வரி சொல்லு, பாப்போம்."

சின்னத்தாயி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "எங்கள் கூரைக்கு மேலும் மேகம், கீழும் மேகம். நடுவில் நனைகிறது பிள்ளையின் பாய்."

ஜெயமேரி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அந்த வரியை அவள் நேற்று மதியம்தான் எழுதினாள்; இன்னும் வெளியிடவே இல்லை!

"நானுந்தானுங்க," என்றான் காவல்காரன் அங்கப்பன். பிறகு களமே "நானுந்தான்" என்றது.

"நிஜமா நான்தாங்க சார்!" என்று ஜெயமேரி கத்தினாள்.

"நீங்க சும்மா இருங்கம்மா!" என்றார் மேனேஜர். பழம் பறிக்கும் பருவத்தில் இத்தனை பேரை எப்படி நீக்குவது? ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிட்டு, கூரைக்கு ஆள் வரவழைக்கச் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. ஏதோ அற்புதத்தைக் கண்டவளைப் போல ஜெயமேரி சின்னத்தாயியின் கையைப் பற்றிக்கொண்டாள். "போடாத வரி உங்களுக்கு எப்படீக்கா தெரிஞ்சுது?"

"நீதான் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி டைப் அடிக்கறியே சாமி! சன்னலுக்கு அந்தப் பக்கம் உக்காந்துதான் நாங்க அத்தன பேரும் சோறு திங்கறோம்."