உக்குவளையில் ஒரு பகிஷ்கரிப்பு

"சவுக்காரம் எங்க?" ஸக்கியா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"ஆத்துல," என்றார் அவள் புருஷன் புஹாரி.

மறுநாள் ஞாயிறு. மூத்த மகள் றமீஸாவைப் பார்க்க மாத்தளை டவுனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளை யஹ்யாவுக்குக் கொழும்புக் கம்பனியில் உத்தியோகம், மாதச் சம்பளம். இந்தச் சம்பந்தம் கைநழுவினால் இதைப் போல இன்னொன்று வராது. எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனுக்குக் கீழே போடும் வெள்ளை விரிப்பைத் துவைத்தாக வேண்டும். ஆனால் வீட்டில் இருந்த சீமைச் சவர்க்காரம் ஒன்பது கட்டியையும் புஹாரி போன மாதமே சுது கங்கையில் எறிந்துவிட்டார்.

மிஸ்ர் என்ற எகிப்து நாட்டின் மேல் வெள்ளைக்காரன் குண்டு போட்டான் என்று பேப்பரில் வந்த அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு அவர் நிய்யத்து வைத்தார். சூயசை விட்டுக் கடைசிச் சிப்பாய் கப்பல் ஏறும்வரை இங்கிலாந்துச் சாமானைத் தொடுவதில்லை. அதோடு நின்றாரா? நோட்டீஸ் ஒன்றை நாற்பது பிரதி கையாலேயே எழுதி, உக்குவளைக் கடைகளில் ஒன்று விடாமல் ஒட்டினார்.

ஸக்கியாவின் தம்பி மக்கீனுக்கு இது நல்ல வேடிக்கை.

"மச்சான், நீங்க சவுக்காரம் போடாததால லண்டன்ல கடையெல்லாம் பூட்டிட்டாங்களாம்!"

"சிரிங்க, சிரிங்க. வீட்டுக்கு மாசம் நாலு கட்டி. உக்குவளையில எத்தன வீடு? அவனுக்கு உறைக்காமப் போகாது."

"அவனுக்கு உறைக்கிறது இருக்கட்டும். விரிப்ப என்னத்தால துவைக்கிற?" என்றாள் ஸக்கியா.

"சாம்பல் போட்டு அவிங்க."

அவித்தார்கள். வெள்ளை விரிப்பு மழை மேக நிறத்தில் வெளியே வந்தது.

"பெரிய சஹன வெச்சா கறை மறைஞ்சிரும்," என்று சமாதானம் சொன்ன புஹாரி, எனாமல் சஹனைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு கிரீடம். கீழே இங்கிலீசு எழுத்து.

"ஏலா. இதுலயும் சாப்பாடு வைக்க ஏலா."

"என்ட கலியாணத்துக்கு உம்மா தந்த சஹன்! பத்தொம்பது வருஷம் இதுல தின்னீங்களே, அப்ப கண் தெரியல்லியா?"

"அப்ப நிய்யத்து இல்ல."

வாழை இலைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி விரிப்பதென்று முடிவாயிற்று.

ஞாயிறு காலை இன்னொரு சோதனை. சீமை பிளேடு கூடாது. எங்கோ தேடிப் பிடித்த ஜப்பான் பிளேடு புஹாரியின் கன்னத்தை நாலு இடத்தில் கிழித்தது. நாலு பஞ்சுத் துண்டோடு வாசலில் நின்று அவர் ஸலாம் சொன்னபோது, மாப்பிள்ளையின் வாப்பா ஹுசைன் ஹாஜியார் பஞ்சுகளை எண்ணிவிட்டுத்தான் பதில் ஸலாம் சொன்னார்.

ஆறு பேர் இலையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சோறு அசையாமல் இருந்தது. இறைச்சி ஆணம் என்ற குழம்பு அப்படி இருக்கவில்லை. இலைக்கும் இலைக்கும் நடுவே வழி கண்டுபிடித்து, நேரே ஹாஜியார் உடுத்தியிருந்த வெள்ளைச் சாரத்தில் போய் இறங்கியது.

திரைக்குப் பின்னால் ஸக்கியா "யா அல்லாஹ்!" என்றது எல்லோருக்கும் கேட்டது.

"மன்னிக்கணும் ஹாஜியார், இங்கிலாந்துச் சஹன தொடமாட்டேன்னு நிய்யத்து வெச்சிட்டேன்," என்றார் புஹாரி.

ஹாஜியார் நிமிர்ந்தார். "கடை கடையா நோட்டீஸ் ஒட்டினது நீங்களா?"

"நான்தான்!"

ஹாஜியார் சாரத்தின் கறையை இலைத் துண்டால் வழித்தார். போய்விட்டது சம்பந்தம் என்று புஹாரி முடிவு கட்டினார். மக்கீன் சிரிக்கக்கூட மறந்துபோனான்.

"புள்ளயப் புடிச்சிருக்கு," என்றார் ஹாஜியார் கடைசியில். "வாற மாசமே நிக்காஹ முடிச்சிருவோம். மாப்பிள்ளை உங்கட வீட்டோடயே இருக்கட்டும். இனி அவன் உங்கட பொறுப்பு."

புஹாரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொள்கைக்கு மதிப்புத் தெரிந்த மனுசன்! வாடகைக் கார்வரை போய் வழியனுப்பினார். ஹாஜியார் ஏறுமுன்னே டிரைவர் அழகமுத்துவிடம் குனிந்து, "மாப்பிள்ளைக்குப் பெரிய கம்பனியாமே?" என்று பெருமையாகக் கேட்டார்.

"பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிதாங்க," என்றான் அழகமுத்து, "மாத்தளைப் பக்கம் பூரா கடை கடையா அவங்க சவுக்காரம் வித்துக்கிட்டிருந்தாரு, உக்குவளையில ஒரு கட்டிகூடப் போகலைன்னு போன வாரம்தான் வேலையவிட்டு நிப்பாட்டிட்டாங்க."