ஜெயம்மாளின் பேச்சைத் தேடி

“பேச்சக் காணோம் சார்,” என்றாள் சுவேதா.

நாளைக் காலை ஜமுனாமரத்தூர் கோடை விழா மேடையில், தேன் எடுக்கும் பெண்கள் சங்கத் தலைவி ஜெயம்மாள் பேச வேண்டிய பேச்சு அது. அவர் போனில் சொல்லச் சொல்ல, மகள் சுவேதா ஆபீஸ் கணினியில் அடித்து வைத்திருந்தாள். இப்போது பைலே இல்லை. ஜெயம்மாளும் போளூர் பஸ்ஸில் மலையேறி வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார்.

“கவலப்படாதீங்க, பேக்கப் இருக்கு,” என்று பார்த்திபன் சுவேதாவிடம் சொல்ல நினைத்து அவள் அம்மாவிடம் சொன்னான். தேனும் சாமையும் விற்கும் அந்தக் கம்பெனிக்கு அவன் ஒருவன்தான் கம்ப்யூட்டர் ஆள். பாஸ்வேர்டைத் தாண்டி சுவேதாவிடம் அவனால் எதுவும் பேச முடிந்ததில்லை.

அங்கே மேசைமேல் இருப்பவை வெறும் திரைகள். எல்லோருடைய கணினியும் பின்னறையில் ஒரே பெட்டிக்குள் மெய்நிகர் கணினிகளாக ஓடின. தினமும் சாயந்திரம் ஒவ்வொன்றும் முழுசாகப் பேக்கப் ஆகும். முழுசாக எடுத்ததை முழுசாகத்தான் பழைய நிலைக்குத் திருப்ப முடியும் என்று பார்த்திபன் நம்பியிருந்தான்.

திருப்பினான். தேதி சரி, ஆள் மாறிவிட்டார். பக்கத்து அறையில் சென்னை வியாபாரியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த மேனேஜர் அன்பரசன், வாய் மூடாமலே வெளியே வந்தார்.

“இன்னாப்பா, பாதிப் பேச்சுல அணைஞ்சிபோச்சு?”

“உங்க கம்ப்யூட்டர் நேத்து சாயந்திரத்துக்குப் போயிட்டு இருக்குங்க சார்.”

“நான் இன்னிக்கிலதானே இருக்கேன்?”

பதற்றத்தில் அதைச் சரிசெய்யப் போய், தேதியைத் தவறாக அமுக்கினான். அன்பரசனின் திரை பொங்கல் வாழ்த்து சொன்னது.

இனி யார் கணினி மேலும் கைவைக்கக் கூடாது என்று, சுவேதாவின் கணினியைப் பக்கத்திலேயே இன்னொரு நகலாகத் திருப்பினான். பெட்டியில் இடம் தீர்ந்தது. எல்லாத் திரைகளும் ஒன்றாக இருண்டன. பில்லுக்காகச் சாமை மூட்டையோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்பரசன் அவர்களுக்கு டீ சொல்லப் போனார். அவருக்கும் வேறு வேலை இல்லை.

ஜெயம்மாள் மட்டும் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, வேர்க்கடலையை உரித்து நீட்டினார்.

“ஒரு பேச்சுக்கு ஆபீஸயே நிறுத்தணுமா தம்பி?”

“வேணாம்மா. தெரியாம நிறுத்திட்டேன்.” கடலையை வாங்கிக்கொண்டான்.

“உனுக்குக் கோவமே வர்லியா?”

“யார் மேலம்மா வரும்? பெட்டி மேலயா?”

கூடுதலாகப் போட்டதை நீக்கினான். திரைகள் உயிர்பெற்றன. அன்பரசனையும் பொங்கலிலிருந்து நேற்றுக்குக் கூட்டிவந்தான்.

“காலையிலேர்ந்து செஞ்சதெல்லாம் போயிருக்குமே,” என்றார் அவர்.

“இன்னா செஞ்சீங்க சார்?”

அன்பரசன் யோசித்தார். “சரி, உடு.”

பிறகுதான் பார்த்திபன் பேக்கப் மென்பொருளின் உதவிப் பக்கத்தை முதல்முறையாகப் படித்தான். கணினியைத் திருப்பவே வேண்டியதில்லை. பேக்கப்பை அலமாரி போலத் திறந்து, வேண்டிய பைலை மட்டும் எடுக்கலாம். அதற்கென்றே ஒரு பொத்தான், இத்தனை நாளும் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

அமுக்கினான். போல்டர்கள் விரிந்தன. ‘அம்மா பேச்சு’. டீ ஆறுவதற்குள் பைல் சுவேதாவின் திரைக்கு வந்துவிட்டது. மூட்டைக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள்.

ஜெயம்மாள் அச்செடுத்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் ஏறும்போது சொன்னார்: “ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா தம்பி. அப்பா அம்மாவையும் இட்டுகினு வா.”

பஸ் வளைவில் மறையும்வரை பார்த்திபன் விழித்துக்கொண்டு நின்றான்.

“ஒரு பைல எடுத்துக் குடுத்ததுக்கு அப்பா அம்மா எதுக்குங்க?” என்று சுவேதாவிடம் கேட்டான்.

அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “கம்ப்யூட்டர் மாப்ளன்னா சிடுசிடுன்னு இருப்பான்னு அம்மா ஒத்துக்கவே இல்ல, ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும்னுதான் நான் அத அழிச்சேன்.”