பிடரியில் நாலு விரல்

பிடரியில் அந்தக் கை மறுபடியும் விழுந்தது.

கனகசுந்தரம் சாய்வுக்கதிரையில் விறைத்து நிமிர்ந்தார். பின்னால் ஒருவரும் இல்லை. துறைமுகக் காற்றில் யன்னல் திரை மட்டும் அசைந்தது. சுவரில், காலமான தகப்பனார், ஊரை அதிகாரம் பண்ணிய பழைய விதானையார், படத்துக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொறியக் கூடாது என்று பல்லைக் கடித்தார். பல் கேட்டது, விரல் கேட்கவில்லை.

"திரும்புங்கோ அண்ணை, பாப்பம்." தங்கை தங்கரத்தினம் சேட்டுக் கழுத்தை இழுத்துப் பார்த்தாள். உடனே கையை விட்டாள். "ஐயோ! நாலு விரல் பதிஞ்ச மாதிரிச் சிவந்து கிடக்கு!"

விதானையார் பிழை செய்தவனைப் பிடரியில்தான் பிடிப்பார். அந்தப் பிடி கனகசுந்தரத்துக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். செத்த பிறகும் அப்பு ஏன் வருகிறார்?

"இராசமலற்ற சம்பந்தம் பிடிக்கேல்லைப் போல" என்றாள் தங்கரத்தினம், படத்துக்குக் கேட்காத குரலில்.

மகள் இராசமலரைக் குலசிங்கத்தின் மகனுக்குப் பேசத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கடியும் சொறியும். குலசிங்கம் வள்ளங்களுக்குக் கயிறும் தாரும் விற்கிறவர். விதானை வீட்டுப் பெண்ணைத் தார்க்கடையில் கொடுப்பதா? ஊர் கேட்குமுன் அப்புவே கேட்டுவிட்டார். உள்ளறையில் இராசமலர் விம்மினாள். அவளுக்குத் தார் மணம் பிடித்திருந்தது.

முதலில் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி யோகலிங்கம் வந்தார். "கரப்பன். வேப்பெண்ணெய் பூசுங்கோ. உடுத்த சேட்டைத் திருப்பி உடுக்காதேங்கோ. ஒவ்வொரு நாளும் வெளுத்த சேட்டுத்தான்."

அப்படியே செய்தார். கடி கூடியது.

பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனார்கள். விதானையாருக்கு அந்தியேட்டிக் கிரியை செய்ததும் அங்கேதான். முதல் வாளி விழுந்ததும் கை இன்னும் இறுகியது. "விடுங்கோ அப்பு!" என்று கனகசுந்தரம் கத்த, பக்கத்தில் குளித்தவர்கள் சோப்போடு எழுந்து ஓடினார்கள். கழுத்து அவித்த நண்டின் நிறத்துக்கு வந்தது.

"பழஞ்சேட்டிலதான் ஏதோ இருக்கு" என்று முடிவுகட்டிப் புதுச்சேட்டுகள் தைப்பித்தார். தையற்கடைத் தூசோடு அணிவது கௌரவம் இல்லையே. உடுப்பு வெளுக்கிற கட்டாடியை அழைத்தார்.

"வெளுத்துக் கொண்டா. எங்கட வீட்டுக் குறியை இன்னும் தடிப்பாப் போடு. போனமுறை குலசிங்கத்தாற்ற சேட்டு எங்கட உடுப்புப் பொட்டளிக்குள்ள வந்தது. கலியாணம் முடியேல்லை, அதுக்குள்ள சேட்டுச் சம்பந்தமோ?"

"தடிப்பாப் போடுறன் ஐயா."

புதுச்சேட்டு அணிந்த அன்று பின்னேரமே விரல்தடங்கள் பொங்கி நீர் வடிந்தது. விளக்கு வைத்த வேளையில் படத்தைப் பார்த்தார். அப்புவின் மீசை துடித்தது போல இருந்தது.

"போதும். சம்பந்தம் வேண்டாம்" என்றார். உள்ளறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

செய்தி கேட்டுக் குலசிங்கம் நேரே வந்தார். கழுத்துவரை பொத்தான் பூட்டி, தலையைத் திருப்பாமல், அலுமாரி போல நிமிர்ந்து கதிரையில் இருந்தார். தார்க்கடைக்காரனுக்கு இவ்வளவு விறைப்போ என்று கனகசுந்தரம் மனதுக்குள் கறுவினார்.

"ஏன் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. என்ர பொடியன் சாப்பிடேல்லை."

"நான் சொல்லேல்லை. அப்பு சொல்லுறார். பிடரியில பிடிச்சுச் சொல்லுறார்."

கனகசுந்தரம் திரும்பிக் கழுத்தைக் காட்டினார். குலசிங்கம் விளக்கைக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். விளக்கை வைத்தார். தன் பொத்தான்களைக் கழற்றினார். மெல்லத் திரும்பினார்.

அவருடைய பிடரியிலும் இரண்டு விரல்கள் சிவந்து கிடந்தன.

தங்கரத்தினம் "முருகா!" என்று சுவரோடு ஒட்டினாள். உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது.

"உங்கட அப்புவும் வாறவரோ?" கனகசுந்தரம் சுவரிலிருந்த படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அவருக்கென்ன, ரெண்டு விரல்தானோ?"

"அது விரல் இல்லைச் சம்பந்தி, கட்டாடி சேங்கொட்டைச் சாறால சேட்டுக் கழுத்தில போடுற குறி. அந்தச் சாறு பட்டாத் தோல் பொங்குமாம், நேற்றுத்தான் டொக்டர் சொன்னவர். நீங்கள் தடிப்பாக் கேட்டதெண்டு அறிஞ்சு நானும் விடாமல் தடிப்பாக் கேட்டனான். எங்கட வீட்டுக்கு ரெண்டு கோடு, உங்கட வீட்டுக்கு நாலு."