டவுட்டு ஆடாத ஆட்டம்

விடிந்துவிட்டது என்று சூரியனே வந்து சொன்னாலும் இன்னொருவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளும் ஆள் ஜவ்வாது மலையில் ஒருவர்தான் இருந்தார். புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டிய டவுட்டு. பெட்ரோல் முள்ளை நம்பாமல் டேங்குக்குள் மூங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார். குச்சி மேல் சந்தேகம் வந்தால் வேறு குச்சி. நான் அங்கே வாத்தியாராகப் போன அன்று, "மெய்யாலுமே வாத்தியாரா நீங்க?" என்று பதினாறாம் வாய்பாடு சொல்ல வைத்துத்தான் ஜீப்பில் ஏற்றினார். பாதியில் நான் தடுமாறியதை மலை முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

இவர்தான் எங்கள் சடுகுடு அணியின் நட்சத்திரம். எதிராளி சும்மா நின்றாலும், "இன்னாத்துக்கு சும்மா நிக்கிறான்?" என்று யோசிப்பவரை எப்படிப் பிடிப்பது?

எழுபதுகளின் நடுவில், தென்னாப்பிரிக்காவோடு டென்னிஸ் இறுதிப் போட்டி ஆட மாட்டோம் என்று இந்தியா ஒதுங்கிக்கொண்டது. கறுப்பர்களை அந்த அரசு நடத்தும் விதம் பிடிக்காமல். டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்தேன்.

"நம்மாளுங்க தோத்துருவோம்னு பயந்துக்கினாங்க சார்," என்றார் டவுட்டு. "ஆடாம வந்தா அவனுக்கு இன்னா நோவுது? கோப்பைய எடுத்துக்கினு போய்ட்டே இருப்பான்."

"மனுசனை மனுசனா நடத்தாதவனோட எப்படிண்ணே ஆடுறது?"

"ஆடி, கெலிச்சு, அப்பறம் கேக்கணும்."

அடுத்து வந்த பொங்கலுக்கு அடிவாரத்து ஊர் ஒன்றில் சடுகுடுப் போட்டி. ஊர்ப் பெயர் வேண்டாம், இப்போது அங்கே எனக்குச் சம்பந்தி இருக்கிறார். எங்கள் அணி இறுதிக்கு வந்துவிட்டது. மலைக்கு அதுவரை வராத கோப்பை. ஜீப்பில் அதை யார் மடியில் வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன், என் மடியில்தான்.

ஆட்டத்துக்கு முன் தண்ணீர் வந்தது. உள்ளூர் அணிக்கு எவர்சில்வர் டம்ளர். எங்களைக் கையேந்தச் சொல்லிச் செம்பைத் தூக்கி ஊற்றினார்கள். மற்றவர்கள் பழக்கத்தில் கையை நீட்டினார்கள். டவுட்டு நீட்டவில்லை.

"எங்களுக்கு டம்ளர் இல்லியா?"

விழாத் தலைவர் சிரித்தார். "மலைக்காரங்களுக்கு எப்பவும் இப்டித்தாம்பா."

"அப்ப நீங்களே ஆடிக்கங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே! ஆடி, கெலிச்சு, அப்பறம் கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது டென்னிசு சார். இது தண்ணி."

ஜீப் கிளம்பியது. உள்ளூர்க்காரர்கள் வியர்க்காமலே கோப்பை வாங்கினார்கள். எங்கள் ஆட்கள் வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள். "தப்பு பண்ட்டனா சார்?" என்று டவுட்டு தன்னையே சந்தேகப்பட்டது அன்றுதான்.

அடுத்த வருடம் விழாத் தலைவரே மலையேறி வந்து அழைத்தார். டவுட்டு ஆடாவிட்டால் கூட்டம் சேராதாம். மனம் திருந்தி வந்தார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் போனோம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளர். டவுட்டு ஒவ்வொன்றையும் தூக்கி, அடியில் அடையாளப் பொட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்த்தார். இல்லை. அப்படியும் நம்பாமல், "அத்த குடு" என்று உள்ளூர் கேப்டன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, வாய் வைத்துக் குடித்துவிட்டு, மீதியை அவனிடமே நீட்டினார். ஊரே பார்த்தது. கேப்டன் ஒரு கணம் தயங்கினான். பிறகு வாங்கி மடக்மடக்கென்று குடித்துவிட்டான்.

அந்தச் சந்தோஷத்தில் டவுட்டு மேலும் நாலு டம்ளர் ஏற்றிக்கொண்டார். வயிறு குலுங்க 'சடுகுடு' பாடிப் போனவர் முதல் தடவையே பிடிபட்டார். படுதோல்வி.

"தோத்துட்டோமேண்ணே!"

"தோத்தா இன்னா சார்? ஆடித்தானே தோத்தோம்," என்று மலை ஏறும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் நம்பவா போகிறார்!