ஐம்பத்தேழு க்ளிக்

நான் துடைக்கிறவள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குழந்தை பிறந்த நாளிலிருந்து எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஈரத்துணியோடு என் கை அதன்மேல் போய்விடுகிறது. பால்புட்டி, ரிமோட், கதவுக் கைப்பிடி, லிஃப்ட் பட்டன் (ஒருமுறை பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மூக்குக்கண்ணாடி, அவர் போட்டிருக்கும்போதே). துடைத்துவிட்டு, துடைத்தது சரிதானா என்று கவலைப்படுவேன். கவலை தீர மறுபடி துடைப்பேன். என் கணவர் இதை வியாதி என்கிறார். நான் பொறுப்பு என்கிறேன். இரண்டுக்கும் அதிக தூரமில்லை என்பதை, பன்வேலைத் தாண்டி ஒரு வெட்டவெளியில், காதில் பெரிய கவசம் மாட்டிக்கொண்டு, நாற்பது பேர் முன்னால் தெரிந்துகொண்டேன்.

காரணம் என் நாத்தனார் கவிதா. திலக் நகரில் எங்களோடுதான் இருக்கிறாள். குர்லாவில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை. வேலை போக மற்ற நேரமெல்லாம் துப்பாக்கி சுடுவாள். மாட்டுங்காவில் இருக்கும் என் அம்மாவிடம் இதை முதல்முறை சொன்னபோது, அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யாரை?" என்று கேட்டாள்.

யாரையும் இல்லை. தூரத்தில் நிற்கும் ஒரு பலகையை. முதலில் ஐம்பது மீட்டர் தூரத்துப் போட்டிகளில் சுட்டுக்கொண்டிருந்தவள், போன வருடம் முந்நூறு மீட்டருக்கு மாறினாள். துப்பாக்கி கிளப்பின் பூட்டுக்குள்தான் இருக்கும். வீட்டுக்கு வருவது ஒரு சின்னக் கருப்புப் பெட்டி மட்டும். டிபன் பாக்ஸ் அளவு. உள்ளே ஸ்பாஞ்சுக்கு நடுவில் ஓர் இரும்புக் கருவி. துப்பாக்கியின் பின்பக்கம் அதைப் பொருத்தி, அதிலிருக்கும் ஊசித்துளை வழியாகத்தான் குறி பார்ப்பாள். கவிதா அதை 'சைட்' என்பாள். என் மாமியார் (அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன்) அதற்குக் 'கண்ணு' என்று பெயர் வைத்திருந்தார்.

அந்தக் கண்ணுக்கு மேலே ஒரு குமிழ், பக்கவாட்டில் ஒரு குமிழ். திருகினால் டிக் டிக் என்று க்ளிக் விழும். மேல் குமிழில் ஒரு க்ளிக் மாறினால், முந்நூறு மீட்டருக்கு அப்பால் குண்டு ஒரு விரல் அகலம் ஏறும், அல்லது இறங்கும். அந்தத் தூரத்துக்குச் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கவிதா ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் படுத்துக் கிடந்திருக்கிறாள். கண்டுபிடித்த பிறகு அடையாளத்துக்குக் குமிழின்மேல் ஒயிட்னரால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது.

ஆயுத பூஜை வந்தது. அத்தை மிக்ஸிக்கு, ஸ்கூட்டருக்கு, என் கணவரின் லேப்டாப்புக்கு எல்லாம் பொட்டு வைக்கச் சொன்னார். வைத்தேன்.

"ஏளா, கவிதாவுக்குக் கண்ணு இருக்குல்லா, அதுக்கு யாரு வைப்பா?"

"அது வெளிநாட்டுச் சாமான் அத்தை."

"வெளிநாட்டுச் சாமானுக்கு சாமி வேண்டாமோ?"

சந்தனம் குழைத்து, குங்குமம் தொட்டு, துளைக்குள் போகாமல் ஜாக்கிரதையாக மேல் குமிழுக்கு ஒரு பொட்டு வைத்தேன். என் ஜாக்கிரதையை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டிக்கு முதல் நாள் காலையில் எனக்குப் பயம் வந்தது. காய்ந்த சந்தனம் இரும்பை அரித்துவிடுமோ? கவிதா ஆபீஸ் போயிருந்தாள். பெட்டியைத் திறந்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். சந்தனம் போனது. அதற்கடியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. பெயிண்ட் ஏதோ சிந்தியிருக்கிறது என்று நினைத்து, நகத்தால் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, சுத்தமாக எடுத்தேன்.

அப்போது என் மூன்றரை வயது மகள் மித்ரா வந்தாள். குமிழைத் திருகினாள். டிக் என்றது. "ஏக்," என்றாள்.

இங்கேதான் என் இரண்டாவது பொறுப்பு தலைதூக்கியது. ப்ளே ஸ்கூல் போனதிலிருந்து இந்தக் குழந்தை ஏக், தோ, தீன் என்றுதான் எண்ணுகிறது. தமிழில் எண்ணத் தெரியாமலேயே வளர்ந்துவிடுமோ என்று எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி. "ஒண்ணு சொல்லு, அம்மா திருக விடுறேன்," என்றேன். ஒரு டிக்குக்கு ஒரு எண். இருபது வரைக்கும் போனாள். கை தட்டினேன். மறுபடி இருபது. மறுபடியும் இருபது. ஒரே வேளையில் பொருளையும் சுத்தம் செய்து, பிள்ளைக்குத் தாய்மொழியும் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று பெருமையோடு பெட்டியை மூடினேன். (அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.)

மறுநாள் கவிதாவோடு நான் போக வேண்டியிருந்தது. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வருகிற பெண்களுக்குத்தான் மாநில அணியில் இடம். கவிதாவுக்கு அலுவலகத்தில், அடுத்த வருடம் இத்தனை லீவு தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இதை விட்டால் அடுத்தது இல்லை. ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் ஏறி இருவரும் போகும்போது, அவளுடைய கனத்த ஜாக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் அவளைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"டென்ஷன் எடுக்காதீங்க மதினி. சுடப் போறது நாந்தானே," என்றாள்.

ரேஞ்ச் என்கிற சுடுமைதானத்தில் கிளப்காரர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கவிதா பெட்டியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெள்ளைப் புள்ளி எங்க மதினி?"

"தேய்ஞ்சிருக்கும்மா," என்றேன்.

பொய் சொல்ல வேண்டுமென்று நினைக்கவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவளும் ஒயிட்னர் உதிர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். வீட்டில் பெட்டிக்குள் இருந்த குமிழ் தானாகத் திரும்பாது என்று நம்பினாள், பாவம்.

முந்நூறு மீட்டர் என்று காதால் கேட்பது வேறு. அங்கே நின்று பார்ப்பது வேறு. பன்னிரண்டு பெட்டி லோக்கல் நிற்கிற பிளாட்பாரத்தைவிட நீளம். அந்தக் கடைசியில் மணல்மேடு. அதன் முன்னால் வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருப்பு வட்டம், என் கண்ணுக்கு மிளகு மாதிரி. அந்த மிளகுக்குள் ஒரு சட்னிக் கிண்ணம் அளவு வட்டத்தில் பட்டால்தான் பத்துப் புள்ளி. இன்னொரு பக்கத்தில் சிலர் துப்பாக்கிமேல் தொலைநோக்கி பொருத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காவது பலகை பக்கத்தில் வந்து நிற்கும். கவிதாவின் போட்டியில் லென்ஸுக்கே இடமில்லை. பின்னால் ஒரு துளை, முன்னால் ஒரு வளையம், அதற்கு நடுவில் அந்த மிளகு. அவ்வளவுதான்.

எனக்குக் காதுக் கவசம் கொடுத்தார்கள். பின்னால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, பார்க்கலாம் என்றார்கள். குனிந்து பார்த்தேன். பலகை தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தது. லென்ஸில்தான் ஏதோ அழுக்கு என்று நினைத்து அதைத் துடைக்கத் துணியை எடுத்தேன். அது கானல், சூடான காற்று, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத்தான் காற்றைக் கணக்குப் போடுவோம் என்று கவிதா ரயிலில் சொன்னது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. துணியை உள்ளே வைத்தேன்.

முதல் பதினைந்து நிமிடம் சோதனைக் குண்டுகளுக்கு. கவிதா பாயில் குப்புறப் படுத்து, தோல்வாரைக் கையில் சுற்றி, அசைவில்லாமல் கிடந்தாள். சுட்டாள். பலகைகளுக்குக் கீழே குழிக்குள் இருந்தவர்கள் ஒரு சிவப்புக் கொடியைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டினார்கள்.

நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

ரேஞ்ச் ஆபீசர் என்னருகே வந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மராட்டியர். என் கவசத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கி, "மேடம், தாலி மத் பஜாயியே. லால் ஜண்டா மத்லப் மிஸ்," என்றார். கை தட்டாதீர்கள், சிவப்புக் கொடி என்றால் பலகையிலேயே படவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது குண்டு. சிவப்புக் கொடி. மூன்றாவது. சிவப்புக் கொடி. பலகையில் எங்காவது ஓரத்தில் பட்டிருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். எங்கேயுமே படாவிட்டால் எதை வைத்துத் திருத்துவது? கவிதா தலையைத் தூக்கி, காற்றைக் காட்ட மைதானத்தில் நட்டிருந்த கொடிகளைப் பார்த்தாள். காற்றே இல்லை.

டிக் என்ற சத்தம் என் மண்டைக்குள் கேட்டது அப்போதுதான்.

அடுத்த மூன்று நிமிடம் நான் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. யோசித்தேன். அதுவாக இருக்குமா? இருக்காது, சின்னக் குமிழ். குண்டே சரியில்லையோ என்னவோ. இப்போது போய்ச் சொன்னால் அவள் மனசு கலைந்துவிட்டால்? சொல்லாமலிருந்து அது காரணமாக இருந்தால்? நான்காவது கொடியும் சிவப்பாக ஆடியபோது, ஆபீசரிடம் ஓடி, அவர் காதருகே மிக ரகசியமாக, "சார், கல்தி மேரி ஹை. மேரி பேட்டி நே குமாயா," என்றேன். தப்பு என்னுடையது, என் மகள்தான் திருப்பிவிட்டாள்.

ரகசியம் என்பது என் நினைப்பு. காதில் கவசம் இருந்ததால், தாதர் ஸ்டேஷனில் தொலைந்த பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் கத்தியிருக்கிறேன். வரிசையில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கவிதாவும் பார்த்தாள். துப்பாக்கியைத் திறந்து காலி செய்து வைத்துவிட்டு, கையைத் தூக்கி அனுமதி கேட்டாள். சைட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கயிற்றருகே வந்தாள். அவளே என் கவசத்தைக் கழற்றினாள்.

"எந்தக் குமிழு?"

"மேல இருக்கறது. மித்ராவுக்குத் தமிழ்ல எண்ண..."

"அது இருக்கட்டும். எந்தப் பக்கம் திருகுனா? குழாயத் திறக்கிற பக்கமா, மூடுத பக்கமா?"

காற்றில் கையை வைத்துத் திருகிப் பார்த்தேன். "திறக்கிற பக்கம்."

"எத்தன க்ளிக்?"

"இருபது."

"சரி."

"மூணு தடவை."

அவள் கண் ஒரு நொடி மூடித் திறந்தது. "அறுபது," என்று குமிழில் கை வைத்தாள்.

"நில்லு நில்லு. அவ பதினாலு சொல்ல மாட்டா. பதிமூணுக்கு அப்புறம் நேரா பதினஞ்சு. எப்பவும் அப்படித்தான்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். நான் திருத்தல. சந்தோஷமா எண்ணிட்டிருந்தா."

"நடுவுல நிறுத்துனாளா?"

"ரெண்டாவது தடவை ஒரு தும்மல். தும்மினப்ப கை எடுத்துட்டா."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அழுதால் நானும் சேர்ந்து அழலாம் என்று தயாராக இருந்தேன். அவள் முகத்தில் இரண்டுமில்லை. கிராஸிங்கில் ரயில் போகக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். "அம்பத்தேழு," என்றாள். உதடு மெல்ல அசைய, என் கண் முன்னாலேயே குமிழை மூடும் பக்கமாக ஒவ்வொன்றாகத் திருகினாள். எண்ணி முடித்துத் திரும்பிப் போய்ப் படுத்தாள். நான்கு நிமிடம் மிச்சமிருந்தது.

சுட்டாள். நான் தொலைநோக்கியில் குனியவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். ஆபீசர் என் தோளைத் தட்டினார். தூரத்தில் சிவப்புக் கொடி இல்லை. ஒரு கம்பு நுனியில் வெள்ளைத் தட்டு, குண்டு பட்ட இடத்தைக் காட்டிக் கருப்பு வட்டத்தின்மேல் நின்றது. எட்டு. கவிதா இரண்டு க்ளிக் திருத்தினாள். அடுத்தது பத்து.

அதற்குப் பிறகு அறுபது குண்டு. நான் அதை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்கப் பொறுமையில்லாதவள் நான். ஒருமுறை காற்றுக் கொடிகள் திடீரென்று வலப்பக்கம் எழுந்தன. சுற்றிலும் எல்லோரும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சுடவில்லை. விரலை எடுத்துவிட்டு, கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்துக்கொண்டு, காற்று தன் வேலையை முடிக்கட்டும் என்று கிடந்தாள். இரண்டு நிமிடம் இருக்கும். எனக்கு இரண்டு வருடம். கொடிகள் தொங்கின. அவள் மூச்சைப் பாதியில் நிறுத்தினாள். டப். முந்நூறு மீட்டருக்கு அப்பால் வெள்ளைத் தட்டு நடு மையத்தில் எழுந்தது. காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி போதவில்லை என்று புகார் சொன்ன பெண்தானா இது? எங்கள் வீட்டு பாத்ரூமில் அரைமணி நேரம் குளிப்பவளா? நான் அவளை ஐந்து வருடமாகத் தினமும் பார்த்திருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இரண்டாம் இடம். அணியில் இடம் கிடைத்தது. ஆபீசர் என்னிடம் வந்து, அடுத்த முறை உங்கள் மகளையும் கூட்டி வாருங்கள், எங்களிடம் இவ்வளவு துல்லியமாகக் க்ளிக் எண்ணுகிறவர்கள் குறைவு என்று மராட்டியும் இந்தியும் கலந்து சொன்னார். முகத்தில் சிரிப்பே இல்லை.

திரும்பும் ரயிலில் கவிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். நான்கு முறை கேட்டேன். "தேய்ஞ்சிருக்கும்னு சொன்னீங்க பாத்தியளா, அதுக்கு மட்டும் ஒருக்கா கேளுங்க. மத்தது மித்ரா செஞ்சது," என்றாள். கேட்டேன். சரி என்று சொல்லி என் தோளில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

வீட்டில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. சந்தனப் பொட்டு வைத்ததால்தான் ஜெயித்தாள் என்பது அத்தையின் கட்சி. யார் வந்தாலும் சொல்கிறார். துடைத்த பகுதி அவர் கதையில் வருவதில்லை. என் கணவரோ நான் எதையாவது எண்ணிச் சொன்னால், "இது மித்ரா இருபதா, நிஜ இருபதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புகிறார்.

கவிதா ஒவ்வொரு போட்டிக்கும் பயிற்சிக்கும் ஒரு நோட்டில் குறிப்பு எழுதுவாள். காற்று, வெளிச்சம், க்ளிக் என்று மூன்று கட்டம். அந்தப் போட்டிக்குப் பிறகு ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறாள். தலைப்பு: மதினி. மாநில அணிப் பயிற்சி முகாமின் முதல் மூன்று நாட்களுக்கு அதில் 'தொடவில்லை', 'தொடவில்லை', 'தொடவில்லை' என்று இருக்கிறது. கடைசி நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். அன்று அவளுக்கு இதுவரை வராத அளவு புள்ளிகள். போன வாரம் அவள் மேஜையைத் துடைக்கும்போது நோட்டு திறந்திருந்தது. அந்த நாளுக்கு எழுதியிருந்தாள்: 'காற்று: இடமிருந்து வலம். வெளிச்சம்: மங்கல். க்ளிக்: மாற்றமில்லை. மதினி: வேண்டும்.'